தம் உடலில் முதல் ஊசி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் கோயில்கள் இருக்கின்றன. மாரியம்மன் நம் மண்ணின் தெய்வம். பிளேக் என்பதோ ஆங்கிலச் சொல். இவ்விரண்டும் எவ்வாறு ஒரு பெயராயின? இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தக் கொள்ளைநோய் கோவை வட்டாரத்தைப் பலமுறை தாக்கியது. வீட்டில் எலி செத்து விழுந்தால் மக்கள் கதவைப் பூட்டிவிட்டு, ஊருக்கு வெளியே குடிசை போட்டுக்கொண்டு தங்கினர். நோய் கண்டபின் தீர்க்கும் மருந்து அந்நாளில் இல்லை. எனவே, நோயின் பெயரையே சேர்த்துச் சொல்லி அம்மனிடம் அடைக்கலம் புகுந்தனர்.

அந்த நோய்க்கு முதன்முதலில் தடுப்பூசி கண்டவர் வால்டெமார் ஹாஃப்கின் என்னும் அறிஞர். மும்பையில் அவர் பெயரால் ஆய்வு நிலையம் ஒன்று இன்றும் இயங்கி வருகிறது. வேற்று நாட்டில் பிறந்து, தம் வாழ்நாளின் சிறந்த பகுதியை இந்திய மக்களுக்காகச் செலவிட்ட அப்பெரியாரின் வரலாற்றை இக்கட்டுரையில் சொல்ல விழைகின்றேன்.

அவரை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர், விலங்கியல் படித்தவர். என் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் தாயார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறார். தந்தையார் சாயப்பட்டறைத் தொழிலாளி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பவர் டேபிள் பழகியிருந்தால் இந்நேரம் வாரச் சம்பளம் வாங்கியிருக்கலாமே, விலங்கியல் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று உறவினர் கேட்பதுண்டு. அவர்கள் கேட்பதில் குற்றமில்லை. ஆனால் விலங்கியல் படித்த ஒருவர் என்ன செய்யலாம் என்பதற்கு ஹாஃப்கினின் வாழ்வு ஒரு விடையாக எனக்குத் தோன்றியது.

இளமைக் காலம்

ஹாஃப்கின் 1860-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள், கருங்கடற் கரையிலுள்ள ஒடெசா நகரில் பிறந்தார். இன்று உக்ரைன் நாட்டில் உள்ள அந்நகர், அன்று ரஷ்யப் பேரரசின் பகுதியாக இருந்தது. அவர் குடும்பம் யூதக் குடும்பம். யூதர்கள் அப்பேரரசில் பல உரிமைகள் மறுக்கப்பட்டு வாழ்ந்தனர். அவர்தம் வீடுகளும் கடைகளும் கலகக்காரரால் அடிக்கடி சூறையாடப்பட்டன.

ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் ஹாஃப்கினுக்கு ஆசிரியராக வாய்த்தவர் இல்யா மெச்னிகாஃப். நம் இரத்தத்தின் வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கி அழிக்கின்றன என்று கண்டறிந்து, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பேரறிஞர் அவர். நல்லாசிரியர் கிடைத்தும், மாணவருக்கு நல்வழி எளிதில் திறக்கவில்லை. மாணவர் இயக்கங்களில் ஈடுபட்டதால் ஹாஃப்கின் சிறைப்பட்டார். கலகக்காரரிடமிருந்து யூத மக்களைக் காக்கச் சென்று காயமும் பட்டார். படிப்பை முடித்தபின், மதம் மாறினால்தான் பல்கலைக்கழகத்தில் உயர்பதவி என்ற நிலை. அவர் மாறவில்லை. விலங்கியல் அருங்காட்சியகத்தில் உதவியாளராகச் சில ஆண்டுகள் கழித்தார்.

1888-இல் சுவிட்சர்லாந்துக்குச் சென்ற அவர், மறு ஆண்டு பாரிஸை அடைந்தார். அங்கே பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் மெச்னிகாஃப் பணியாற்றி வந்தார். ஆனால் காலியாக இருந்தது ஒரே ஒரு வேலை. அது நூலகப் பணி. ஹாஃப்கின் அதையும் மகிழ்ந்து ஏற்றார். பகலில் நூலகத்தைக் கவனித்து, எஞ்சிய நேரத்தில் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை ஆராய்ந்தார். படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லையே என்று வருந்தும் நண்பர்கள் இதனை நினைவிற் கொள்ளலாம்.

காலராவுக்கு எதிராக

அக்காலத்தில் காலரா உலகம் முழுவதும் பரவி உயிர்களைக் குடித்துக் கொண்டிருந்தது. ஹாஃப்கின் அதன் கிருமியைக் கினி எலிகளின் உடலில் அடுத்தடுத்துச் செலுத்தி, அதன் வீரியத்தை மிகுவித்தார். மற்றொரு வகையை, வெப்பமான காற்றில் வளர்த்து வீரியம் குறையச் செய்தார். முதலில் வீரியம் குறைந்ததையும், சில நாள் கழித்து வீரியம் மிகுந்ததையும் செலுத்தினால் உடல் நோயை எதிர்க்கும் ஆற்றல் பெறுகிறது என்று விலங்குகளில் கண்டார்.

மனிதருக்கு இது தீங்கு செய்யுமா? இக்கேள்விக்கு விடை காண அவர் பிறர் உடலைத் தேடவில்லை. 1892-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் தம் உடலிலேயே ஊசி போட்டுக்கொண்டார். காய்ச்சலும் வலியும் கண்டன. சில நாளில் நீங்கின. தமக்கு ஏற்பட்டவற்றை அவர் குறித்து வைத்து உலகுக்கு அறிவித்தார்.

ஆனால் மருத்துவ உலகம் அவரை உடனே நம்பிவிடவில்லை. மருத்துவர் அல்லாத ஒருவர், அதுவும் விலங்கியலார், மருத்துவருக்குப் பாடம் சொல்வதா என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. அந்நாளில் பாரிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர் டஃப்ரின் பிரபு. முன்னர் இந்தியாவின் வைசிராயாக இருந்தவர். காலராவின் தாயகமெனப்பட்ட இந்தியாவில் ஆய்வு நடத்துமாறு அவர் வழிகாட்டினார்.

கல்கத்தாச் சேரியில்

1893-ஆம் ஆண்டு ஹாஃப்கின் கல்கத்தா வந்து சேர்ந்தார். வடஇந்தியா முழுவதும் சுற்றினார். இரண்டாண்டுகளில் 40,000-க்கும் மேற்பட்டோர் அவரிடம் ஊசி போட்டுக்கொண்டனர். எவரையும் வற்புறுத்துவதில்லை என்பதே அவர் கொண்ட நெறி.

1894 மார்ச்சில் கல்கத்தாவின் காட்டல் பாகான் என்ற சேரியில் காலரா தோன்றியது. மக்கள் குடிநீர் எடுத்த குளத்திலேயே கிருமி இருந்தது. ஹாஃப்கினும் அவருடன் வங்க மருத்துவர்களும் அங்குச் சென்றனர். சேரியிலிருந்த சுமார் 200 பேரில் 116 பேர் தாமே முன்வந்து ஊசி போட்டுக்கொண்டனர். அதன்பின் அச்சேரியில் காலரா கண்டவர் அனைவரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்களே. பின்னர், ஊர் விட்டு ஊர் பிழைக்க வந்த அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக் கூலிகளிடையேயும் அவர் பணிபுரிந்தார். அலைச்சலும் மலேரியாவும் அவர் உடலைத் தளர்த்தின. 1895-இல் ஐரோப்பா சென்று ஓய்வெடுத்து, மறு ஆண்டே திரும்பினார்.

ஆலை நகரில் பிளேக்

1896 செப்டம்பரில் பம்பாயில் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் மருத்துவர் அகாசியோ வியேகாஸ் பிளேக் நோயைக் கண்டறிந்தார். மாண்ட்வி, தானியக் கிடங்குகள் நிறைந்த இடம். தானியம் இருக்குமிடத்தில் எலி. எலி இருக்குமிடத்தில் தெள்ளுப்பூச்சி. எலியிடமிருந்து மனிதருக்கு நோயைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சியே என்பதை 1898-இல் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் கராச்சியில் காட்டினார். அதுவரை அது யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

பம்பாய் அன்று நாட்டின் தலைசிறந்த பஞ்சாலை நகரம். ஒரே அறையில் பத்துப் பேர் நெருக்கியடித்துத் தங்கிய ஆலைத் தொழிலாளர் நோய்க்கு முதலில் இரையாயினர். எஞ்சியோர் ஊருக்கு ஓடினர். ஆலைகள் ஆளின்றித் தவித்தன. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது ஒடிசா, பீகார்த் தொழிலாளர் மூட்டை முடிச்சுகளுடன் நம் திருப்பூரை விட்டுப் போனதைக் கண்டவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

அக்டோபரில் ஹாஃப்கின் பம்பாய்க்கு அனுப்பப்பட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு நடைகூடமும் அவருக்கு ஒதுக்கப்பட்டன. ஓர் எழுத்தரும் மூன்று ஏவலாட்களும் துணை. அங்கே இரவு பகலாக உழைத்தார். இறைச்சிச் சாற்றின் மீது நெய்த்துளிகளை மிதக்கவிட்டுக் கிருமியை வளர்த்தார்; நெய்த்துளியிலிருந்து கிருமிக் கூட்டம் விழுதுபோல் கீழே இறங்கி வளரும். அதனை வெப்பத்தால் கொன்று ஊசி மருந்தாக்கினார். மூன்றே மாதங்களில் மருந்து ஆயத்தமாயிற்று.

இம்முறையும் முதல் உடல் அவருடையதே. 1897 ஜனவரி 10-ஆம் நாள், பிறருக்குக் கொடுக்க எண்ணியதைவிட மிகுதியான அளவைத் தமக்குச் செலுத்திக்கொண்டார். கடும் காய்ச்சல் கண்டது; உயிருக்கு ஊறு நேரவில்லை.

அம்மாத இறுதியில் பைக்குல்லா சிறையில் நோய் புகுந்தது. கைதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் விரும்பி ஊசி ஏற்றனர். ஏற்காதவருள் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் இறந்தனர். ஏற்றவருள் நோய் கண்டவர் இருவரே, எவரும் இறக்கவில்லை. மறு ஆண்டு பரோடாவுக்கு அருகிலுள்ள உந்தேரா என்ற ஊரில், ஒவ்வொரு வீட்டிலும் பாதிப்பேருக்கு ஊசி போட்டு, மீதிப்பேரோடு ஒப்பிட்டார். ஒரே வீடு, ஒரே உணவு, ஒரே எலி. அதனால் வேறுபாட்டுக்கு வேறு காரணம் சொல்ல இயலாது. ஊசி போடாதவருள் 26 பேரும், போட்டவருள் 3 பேரும் மாண்டனர். போடாத பாதியில் நின்றவரும் உயிருள்ள மனிதர்தாம் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. எனினும் இக்கணக்கே பின்னர்ப் பல இலட்சம் பேரை ஊசியின்பால் கொண்டுவந்தது.

வற்புறுத்தலும் நம்பிக்கையும்

அதே 1897-இல் அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றியது. (2020-இல் கொரோனாவின்போதும் அச்சட்டமே நம் நாட்டில் பயன்பட்டது.) பூனா நகரில் படைவீரர்கள் வீடுவீடாகப் புகுந்து சோதனையிட்டனர், பெண்டிர் அவமானப்பட்டனர், பொருள்கள் எரிக்கப்பட்டன. கொதித்தெழுந்த சபேகர் சகோதரர்கள் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டனர். நோயைக் காட்டிலும் நோய் தடுக்க வந்தவரைக் கண்டே மக்கள் அஞ்சிய காலம் அது. அதே பூனாவில்தான், இந்தியப் பெண்கல்வியின் முன்னோடியான சாவித்திரிபாய் புலே, நோயாளிகளைத் தேடிச் சென்று பணிவிடை செய்து, அந்நோயாலேயே 1897 மார்ச் 10-இல் உயிர் நீத்தார். துப்பாக்கியோடு வந்தவரையும், தோளில் சுமக்க வந்தவரையும் மக்கள் வேறுபடுத்தி அறிந்தே இருந்தனர்.

ஹாஃப்கின் இரண்டாம் வகையைச் சார்ந்தவர். இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் ஆகாகான், ஆய்வுக்கூடத்துக்குத் தம் மாளிகை ஒன்றைத் தந்தார். தம் மக்கள் காணத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். அதன்பின் அவர் சமூகத்தார் ஆயிரக்கணக்கில் முன்வந்தனர்.

இதன் உண்மையை நான் என் கண்ணால் கண்டேன். 2021-இல் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் பலர் கொரோனா ஊசிக்குத் தயங்கினர். அறியாமை என்று படித்தவர்கள் சொன்னார்கள். அருகில் இருந்து பார்த்த எனக்கு வேறு காரணமும் தெரிந்தது. ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் வரும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு இரண்டு நாள் படுத்தால் இரண்டு நாள் கூலி போகும். வாரக் கடைசியில் தவணை கட்ட வேண்டும். ஒரு கம்பெனியில் ஊசிச் சீட்டு இல்லாதவர் உள்ளே வரக்கூடாது என்று கேட்டில் நிறுத்திவிட்டார்கள். அங்கே பலர் வேறு கம்பெனிக்குப் போனார்களேயன்றி ஊசிக்குப் போகவில்லை. வேறொரு கம்பெனியில் இரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தனர். மேற்பார்வை பார்க்கும் அக்கா ஒருவர் முதலில் கையை நீட்டினார். அன்று மாலைக்குள் கைமடிக்கும் பெண்கள் வரை எல்லோரும் போட்டுக்கொண்டனர். என் தாயாரும் அவர்களுள் ஒருவர்.

வீண்பழி

ஹாஃப்கினின் ஆய்வுக்கூடம் 1899-இல் பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகைக்கு மாறிப் பெரிதாக வளர்ந்தது. புகழின் உச்சியில் அவர் இருந்தபோதுதான் அந்த இடி விழுந்தது.

1902 அக்டோபர் 30-ஆம் நாள், பஞ்சாபில் முல்கோவால் என்ற சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் 19 பேர் சில நாளில் தசைவிறைப்புச் சன்னி என்னும் டெட்டனஸ் கண்டு இறந்தனர். அந்த 19 பேரும் ஒரே புட்டியிலிருந்து ஊசி பெற்றவர்கள். ஏனைய புட்டிகளிலிருந்து பெற்றவருக்கு ஒரு குறையும் இல்லை.

விசாரணைக் குழு பழியை ஆய்வுக்கூடத்தின் மீது சுமத்தியது. மருந்தைப் பெருமளவில் விரைந்து செய்வதற்காக, அதில் கார்பாலிக் அமிலம் சேர்க்கும் வழக்கத்தை ஹாஃப்கின் கைவிட்டிருந்தார். அதுவே கேட்டுக்குக் காரணம் என்றனர். அவர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். இந்தியாவை விட்டுச் செல்ல நேர்ந்தது.

உண்மை வேறாக இருந்தது. முல்கோவாலில் அந்தப் புட்டியைத் திறக்கும்போது உதவியாளர் ஒருவரின் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்தது. அதைத் தீயில் காட்டாமல், மருந்து நீரில் முக்கி எடுத்து, அதனாலேயே தக்கையைத் திறந்தார். டெட்டனஸ் கிருமி வாழுமிடம் மண் அல்லவா? மேலும், கிருமி பல நாள் முன்பே புட்டிக்குள் புகுந்திருந்தால் திறக்கும்போது துர்நாற்றம் வீசியிருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. லண்டன் லிஸ்டர் நிலையத்தார் சான்றுகளை ஆராய்ந்து, ஆய்வுக்கூடத்தின் மீது சாட்டிய குற்றம் நிலைநாட்டப்படவில்லை என்றனர். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று இந்திய மண்ணில் கண்டு நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ், ஹாஃப்கினுக்காகப் பத்திரிகைகளில் வாதாடினார். 1907-இல் அறிஞர் பதின்மர் கையெழுத்திட்டு அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தனர். அவ்வாண்டே அரசும் பழியை நீக்கியது. ஐந்தாண்டுகள்! ஓர் இடுக்கி செய்த பிழைக்கு ஒரு பேரறிஞரின் ஐந்தாண்டுகள் பலியாயின.

அந்தப் பத்தொன்பது குடும்பங்களையும் நாம் மறந்துவிடலாகாது. ஹாஃப்கினின் பழி நீங்கியது. அவர்களின் இழப்பு நீங்கவில்லை. கருவியைத் தீயில் காட்ட ஒரு நிமிடம் போதும். ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் ஊசியைத் தீச்சுடரில் சிவக்கக் காய்ச்சச் சொல்லும்போது நாம் அலுத்துக்கொள்கிறோம். அந்த அலுப்பின் விலை எவ்வளவு என்று முல்கோவால் சொல்கிறது.

இறுதிக் காலம்

ஹாஃப்கின் மீண்டும் இந்தியா வந்தார். ஆனால் பம்பாயில் அவர் வளர்த்த ஆய்வுக்கூடத் தலைமை மீண்டும் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் போதிய வசதியின்றி உழைத்து, முதல் உலகப்போர் தொடங்கிய காலத்தில் ஓய்வு பெற்றார். பின்னர் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் வாழ்ந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. தம் செல்வத்தை யூத மாணவர் கல்விக்கு எழுதி வைத்தார். 1930 அக்டோபர் 26-ஆம் நாள் லோசான் நகரில் காலமானார்.

1897 முதல் 1925 வரை பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட பிளேக் ஊசி மருந்து 2 கோடியே 60 இலட்சம் அளவு. 1925-இல் அந்த ஆய்வுக்கூடத்துக்கு ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் சூட்டப்பட்டது. 1964-இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது. பிற்காலத்தில் உயிர்க்கொல்லி மருந்துகள் வந்தபின் பிளேக் அடங்கியது. ஆயினும் 1994-இல் மற்றொரு துணி நகரமாகிய சூரத்தில் அது தலைகாட்டியபோது, அங்கும் தொழிலாளர் இலட்சக்கணக்கில் ஊரை விட்டு ஓடினர். நெருக்கமான குடியிருப்பும் அள்ளாத குப்பையும் இருக்குமிடத்தை நோய் மறப்பதில்லை.

நண்பர்களே! நம் கல்லூரியில் பயில்வோருள் பெரும்பாலோர் உழைப்பவர் வீட்டுப் பிள்ளைகள். நம்மில் சிலர் நாளை ஆய்வுக்கூடத்தில் அமர்வோம். சிலர் சுகாதாரத் துறையில் சேர்ந்து வீடுவீடாகச் செல்வோம். ஹாஃப்கினிடம் நாம் கற்க வேண்டியவை மூன்று. பிறர் ஏற்க வேண்டிய துன்பத்தை முதலில் தாம் ஏற்றார். நன்மை விளைந்ததா என்பதை ஆசையால் முடிவு செய்யாமல், இரு பக்கமும் எண்ணிக் கணக்கிட்டார். எளிய மக்களிடம் ஆணையிடாமல் கேட்டு நின்றார். ஊசிக்கு அஞ்சி ஒதுங்கி நிற்கும் ஒருவரை நாளை நாம் காண நேர்ந்தால், அவரை அறிவிலி என்று இகழாமல், அவர் எதை இழக்க அஞ்சுகிறார் என்று முதலில் கேட்போமாக.